உப்புக்கரைச் சொற்கள்

'அளக்கர்' என்றொரு சொல் தமிழில் உண்டு. இன்று அது எவர் நாவிலும் வழங்குவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் திறந்து அச்சொல்லைத் தேடினால், கடல், உப்பளம், சேறு, பூமி என்று பொருள்கள் அடுக்கடுக்காக வந்து நிற்கின்றன. கடலை அடுத்து உப்பளம் வருவது இயல்பே. சேறும் பூமியும் அதே சொல்லுக்குள் எவ்வாறு புகுந்தன என்பதுதான் வீட்டில் அமர்ந்து திரையைப் பார்ப்பவருக்கு விளங்குவதில்லை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை ஒருமுறை பேருந்தில் சென்றவருக்கு அந்த ஐயம் எழாது. ஒருபுறம் கடல், மறுபுறம் கழியின் கருஞ்சேறு, அதையடுத்து வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்புப் பாத்திகள், அவற்றுக்கு அப்பால் வானூர் வட்டாரத்துச் செம்மண் மேடுகள். அகராதியின் ஒரு பதிவு முழுவதும் அங்கே சாலையோரமாக விரிந்து கிடக்கிறது.

ஒரு சொல்லைத் தேடப் போய் ஒன்பது சொற்களோடு திரும்புவது அகராதி புரட்டுவோர் அனைவரும் அறிந்த இன்பம். முன்னாளில் அதற்கு நினைவாற்றல் வேண்டும். திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலிய நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பாட்டாகவே மனனம் செய்தனர். கேட்ட மாத்திரத்தில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களும் நாவில் வந்து நிற்கும். வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்த பின்னரே எழுத்து வரிசையில் சொல்லைத் தேடும் வழக்கம் தமிழில் வேரூன்றியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் ஓர் அனுபந்தமாகவும் வெளிவந்த பேரகராதியின் பெரும்பகுதிக்கு வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்தார். அந்நூல் முழுவதையும் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் திருமுறைகளும் சங்க நூல்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாலை விளக்கேற்றிய பின் கைபேசியில் அரைமணி நேரம் உலவுவோர், பிறர் அனுப்பும் வேடிக்கைப் படங்களை ஒதுக்கிவிட்டு, இப்பக்கங்களில் சற்று மேய்ந்து பார்க்கலாம். மேய்ச்சலுக்கு உகந்த கரை இந்த உப்புக்கரை.

உப்பு விளையும் இடம் அளம். 'உப்பளம்' என்று நாம் இன்று சொல்லும் சொல்லில் அந்தப் பழஞ்சொல் அப்படியே உறைந்து கிடக்கிறது. உப்பு விளைவிப்போர் அளவர். விளைந்த உப்பை வாங்கி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று விற்போர் உமணர். சோழர் கல்வெட்டுகளில் பெரிய உப்பளம் 'பேரளம்' எனப்படும். உமணர் தனித்துச் செல்வதில்லை, கூட்டமாகவே செல்வர். அக்கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். அவர்களுடைய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுகிச் செல்வதால் அவ்வரிசை ஒழுகை ஆயிற்று. உமணர் வீட்டுப் பெண்கள் நெல்லுக்கு நேர் அளவாக உப்பு என்று தெருவில் கூவி விற்பதைச் சங்கப் புலவர்கள் காதால் கேட்டே எழுதியிருக்க வேண்டும். அத்தனை உயிரோட்டம் அப்பாடல்களில் இருக்கிறது.

உமணரின் வண்டியில் ஓர் அரிய சொல் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அது 'சேம அச்சு'. மேடும் பள்ளமுமான காட்டுவழியில் பாரமேற்றிய வண்டியின் அச்சு எங்கே முறியுமோ யாருக்குத் தெரியும்? ஆகவே மற்றோர் அச்சை வண்டியின் அடியில் முன்கூட்டியே பிணைத்துக்கொண்டுதான் அவர்கள் புறப்பட்டனர். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், தந்தைக்குத் துணையாக நிற்கும் அவ்விளைஞனுக்கு இந்தச் சேம அச்சையே உவமையாக்கினார். புறநானூற்றின் 102-ஆம் பாட்டு அது. இடுக்கண் நேரும்போதுதான் வெளியே வரும் பொருள். அதுவரை அது இருப்பதே பிறர் கண்ணில் படாது. பிள்ளையைப் பெற்றவர்கள் அந்த உவமையைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்பார்கள்.

இன்று கார்களில் இருக்கும் மாற்றுச் சக்கரத்தை ஓட்டுநர்கள் 'ஸ்டெப்னி' என்கின்றனர். அதன் பிறப்பைத் தேடிச் சென்றால், வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்தில் ஸ்டெப்னி என்ற பெயர் கொண்ட ஒரு தெருவுக்குப் போய்ச் சேர்கிறோம். அத்தெருவில் 1904-ஆம் ஆண்டளவில் டேவிஸ் என்னும் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றனர். தெருவின் பெயரே பொருளின் பெயராகி நம் ஊர்ப் பணிமனை வரை வந்துவிட்டது. சேம அச்சு என்னும் அழகிய தமிழ்ச் சொல் கையருகே கிடந்தும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை என்பது சற்று வருத்தந்தான். ஆயினும் கடல் கடந்து வந்த அத்தெருவின் பெயரும் ஒரு நல்ல கண்டெடுப்பே.

மரக்காணத்துக்கு வருவோம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடுகிறது. அதை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்பது கழிகளுக்கு இடைப்பட்ட நிலம். ஈராயிரம் ஆண்டளவு பழமையான அப்பெயர், மரக்காணத்துக்கு வடக்கே ஒரு பேரூராட்சியின் பெயராக இன்றும் அஞ்சல் உறைகளில் எழுதப்பட்டு வருகிறது. புலவரின் பெயரோடு ஒட்டிவந்த நாடு இன்றும் அதே இடத்தில் இருப்பது எல்லாப் புலவர்க்கும் வாய்ப்பதன்று.

அந்நூலில் பாணர்கள் கடந்து செல்லும் கடற்கரைப் பட்டினம் எயிற்பட்டினம். எயில் என்றால் மதில். அதுவே மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. இதற்குத் துணையாக அவர்கள் காட்டும் சான்று மிகவும் சுவையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்ரியக் கடலின் பெரிப்ளஸ்' என்னும் குறிப்பு நூல், இக்கரையின் துறைமுகங்களைச் சொல்லும்போது, புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேடு எனக் கருதப்படும் பொதுகேயோடு சோபட்மா என்ற ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறது. சோபட்மா என்பது என்ன சொல்? தமிழில் 'சோ' என்றாலும் மதில், அரண் என்றே பொருள். ஆகவே சோபட்டினம் என்றாலும் எயிற்பட்டினம் என்றாலும் ஒன்றே.

'சோ' என்பதை ஒரு சொல்லாகக் கேட்டவர் இன்று மிகச் சிலரே. நன்னூல் கணக்கிட்டுச் சொல்லும் ஓரெழுத்து ஒருமொழிகள் 42. அவற்றுள் இதுவும் ஒன்று. கண்ணன் வாணாசுரனை அடக்கிய கதையைக் கேட்டு வளர்ந்த வைணவக் குடும்பத்தார்க்கு இச்சொல்லில் மற்றொரு செய்தியும் உண்டு. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் திருமாலைப் பாடிக் குரவை ஆடும்போது அவன் அழித்த அரணாக 'சோ' குறிக்கப்படுகிறது. அது வாணனுடைய நகரம் என்று உரை கூறுவர். கடற்கரை உப்பளத்தில் தொடங்கிய தேடல் ஒரே எழுத்தின் வழியே கண்ணன் கதைக்குள் சென்று நிற்கிறது.

மரக்காணம் என்ற இன்றைய பெயரிலுள்ள 'காணம்' இன்னும் வேடிக்கையானது. காணம் என்பது பொற்காசு. பதிற்றுப்பத்தின் பதிகம் ஒன்று கபிலர் பெற்ற பரிசு நூறாயிரம் காணம் என்கிறது. காணம் என்பது செக்கு. காணம் என்பது கொள்ளு. நெல்லைப் பக்கத்து வீடுகளில் இன்றும் கொள்ளுத் துவையலைக் காணத் துவையல் என்றே சொல்வர். கபிலருக்கு வந்த பரிசு எதுவென்று அகராதி மட்டும் பார்த்து முடிவு செய்பவர், புலவர் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கொள்ளை இறக்கிவிடக் கூடும். இவற்றுள் எந்தக் காணம் மரக்காணத்தில் இருக்கிறது என்று உறுதி கூறுவதற்கு ஆசை எழத்தான் செய்யும்; அவ்வாசையை அடக்கிக்கொண்டு, ஊர் நடுவே முதலாம் ராஜராஜன் காலம் தொட்டுக் கல்வெட்டுகள் தாங்கி நிற்கும் பூமீஸ்வரர் கோயிலைத் தரிசித்துத் திரும்புவதே நன்று. பூமிக்கு ஈசுவரன் என்பது அவர் திருநாமம். அளக்கருக்குப் பூமி என்றும் ஒரு பொருள் உண்டென்பதை நினைத்தபடி உப்பங்கரையில் நின்று அவரை வணங்கலாம்.

சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தை அடுத்து வரும் ஊர் வேலூர். கோட்டையும் பொற்கோயிலும் உள்ள வேலூர் அன்று இது. வானூர் ஒன்றியத்திலுள்ள உப்புவேலூரே அவ்வேலூர் என்று கருதுவோர் உண்டு. பெயரிலேயே உப்பு இருக்கிறது. இவ்வூருக்கு அப்பெயர் வந்த வரலாற்றை உச்சிமேற்புலவர் கொள் உரையாசிரியர் என்று போற்றப்படும் நச்சினார்க்கினியர் தம் உரையில் ஒரு சிறுகதையாகச் சொல்லிச் செல்கிறார். பகைவரின் பெருவலியைக் கண்டு நல்லியக்கோடன் அஞ்சினான். அஞ்சிய அரசன் வேறு படை தேடவில்லை, முருகப்பெருமானை வழிபட்டான். பெருமான் கனவில் தோன்றி, கேணியில் பூத்திருக்கும் பூவைப் பறித்துப் பகைவர் மேல் எறியுமாறு பணித்தருளினான். விடிந்ததும் அரசன் அவ்வாறே செய்தான். எறிந்த பூ வேலாகிப் பாய்ந்தது. அதனால் அவ்வூர் வேலூர் ஆயிற்று.

இக்கதையில் பெருமான் தன் கை வேலை அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர்க் கேணியில், ஊர் மக்கள் நாள்தோறும் தண்ணீர் மொள்ளும் இடத்தில், யார் கண்ணிலும் படாமல் பூத்திருந்த ஒரு பூவே போதும் என்றான். உவர்நிலத்தில் நன்னீர்க் கேணியின் அருமை அங்கே வாழ்வோர்க்கே தெரியும். உரையாசிரியர் நாலைந்து வரிகளில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் பொருள் கூறப் போய்விடுகிறார். பெரிய புராணமாக விரிய வேண்டிய கதை ஓர் உரைக்குறிப்புக்குள் அடங்கிக் கிடக்கிறது. பூவைக் கண்டால் முருகன் பூசைக்குக் கொய்யும் வழக்கமுள்ள வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிட இனிய கதை எளிதில் கிடைக்காது.

வேலூரைத் தேடும்போது ஓர் எழுத்து பிசகினால் வேளூருக்குப் போய்விடுவோம், அதுவும் நல்லதே. வைத்தீசுவரன் கோயிலின் பழம்பெயர் புள்ளிருக்குவேளூர். புள் என்பது பறவையரசனான சடாயு. இருக்கு என்பது வேதம். வேள் என்பது முருகன். ஊர் என்பது சூரியன். இந்நால்வரும் வழிபட்ட தலம் என்பதை ஒரே பெயரில் பொதிந்து வைத்திருக்கின்றனர். 'ஊர்' என்ற சொல்லுக்குச் சூரியன் என்றொரு பொருள் உண்டென்பது, நாள்தோறும் அச்சொல்லைச் சொல்லும் நமக்கே புதுச் செய்தி. அங்கே பிணி தீர வேண்டி அடியார்கள் செலுத்தும் காணிக்கை உப்பும் மிளகும். நெய்தலில் விளைந்ததும் மலையில் விளைந்ததும் வைத்தியநாதனின் சந்நிதியில் ஒன்றாகச் சேர்கின்றன.

உப்பை வேண்டாத பெருமாளும் உண்டு. கும்பகோணம் அருகே திருவிண்ணகரில் எழுந்தருளியுள்ள பெருமாளுக்குத் தனக்கு நிகர் யாருமில்லாதவன் என்னும் பொருளில் ஒப்பிலியப்பன் என்று திருநாமம். ஒப்பு இலி என்பது வாய்மொழியில் உப்பு இலி ஆயிற்று. மார்க்கண்டேய முனிவரின் மகளாக வளர்ந்த பூமிதேவியைப் பெருமாள் பெண் கேட்டு வந்தபோது, உப்பிட்டுச் சமைக்கவும் அறியாத சிறுமி என்று முனிவர் தயங்கினார். உப்பில்லாமலே உண்பேன் என்று பெருமாள் உடன்பட்டான். இன்றளவும் அங்கே நிவேதனம் அனைத்தும் உப்பின்றியே ஆகின்றன. ஒகரம் உகரமானதால் ஒரு சந்நிதியின் மடைப்பள்ளி வழக்கமே உருவாயிற்றா, மடைப்பள்ளி வழக்கம் இருந்ததால் ஒகரம் உகரமாயிற்றா என்று மொழியறிஞர் வாதிட்டுக்கொண்டிருக்கட்டும். அங்கே பிரசாதமாகக் கிடைக்கும் உப்பில்லாத புளியோதரையை உண்டவர்க்கு அது குறையாகத் தோன்றியதில்லை.

இத்தகைய ஒலிமயக்கம் வானூர் வட்டாரத்திலும் ஒன்று உண்டு. ஒழிந்தியாப்பட்டு என இன்று வழங்கும் தலத்தின் தேவாரப் பெயர் திருஅரசிலி. உப்பிலியைக் கேட்ட காதோடு இதைக் கேட்டால், அரசு இல்லாத ஊரோ என்று தோன்றும். இங்குள்ள அரசு மன்னனைக் குறிப்பதன்று, மரத்தைக் குறிப்பது. அரசமரத்தைத் தலமரமாகக் கொண்டு அரசலீசுவரர் எழுந்தருளியிருக்கும் இத்தலத்தைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். அதே வட்டாரத்தில் அவர் பாடிய இரும்பை மாகாளத்துக்கும் இரும்புக்கும் தொடர்பு ஏதுமில்லை. இலுப்பை மரத்தின் பழம்பெயர் இருப்பை. இலுப்பைகள் நிறைந்திருந்த ஊர் இரும்பை. உஜ்ஜயினி மாகாளம், அம்பர் மாகாளம், இரும்பை மாகாளம் என்று மூன்று மாகாளங்களைச் சேர்த்து எண்ணுவர். கடுவெளிச் சித்தரின் கதை வழங்குவதும் இக்கோயிலில்தான். கடுவெளி என்றால் எல்லையற்ற பெருவெளி. சித்தர் தம் பெயராகக் கொள்ளத் தகுந்த சொல்.

உப்புக்குத் திரும்பினால், வடமொழியில் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. உப்பு அங்கே லவணம். அதிலிருந்து பிறந்த சொல் லாவண்யம். நேர்ப்பொருள் உப்புத்தன்மை, வழங்கும் பொருள் பேரழகு. கரிப்பும் அழகும் எங்ஙனம் ஒன்றாயின? உணவில் உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்தப் பிடியில் இருக்கிறதென்று சுட்ட முடியாது. ஆயினும் அது இல்லையெனில் எதுவும் இல்லை. மூக்கழகு, விழியழகு என்று பிரித்துக் காட்ட இயலாத முழுமையழகும் அத்தகையதே. முத்தின் உள்ளிருந்து நீரோட்டம் போல் மிளிரும் ஒளியை லாவண்யத்துக்கு உவமையாகக் காட்டுவர் வடமொழி அணிநூலார். முத்தும் கடலில் விளைவதுதான். லலிதா சகஸ்ரநாமத்தில் அம்பிகையைப் பேரழகின் பெருநிதி என்று போற்றும் நாமத்தில் இருப்பது இந்த லாவண்யமே. வெள்ளிக்கிழமைதோறும் அதைப் பாராயணம் செய்யும் பெண்கள், அடுப்படியிலிருக்கும் உப்புச் சாடியும் அந்நாமத்துக்குள் இருப்பதை அடுத்த முறை நினைக்கக் கூடும். வள்ளுவரும் 1302-ஆம் குறளில் ஊடலுக்கு உப்பையே அளவுகோலாகக் கொண்டார். கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும்.

சொல் தேடுவோர் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் உப்பிலேயே வருகிறது. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகத் தரப்பட்டதால் 'சம்பளம்' என்ற சொல் பிறந்தது என்னும் விளக்கம் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டே இருக்கிறது. தேவநேயப் பாவாணர் போன்ற பெரும்புலவரின் ஆதரவும் அதற்கு உண்டு. வடமொழியில் வழிநடைக்குரிய உணவைக் குறிக்கும் 'சம்பல' என்பதோடு அதை இணைப்போரும் உண்டு. இரண்டாவது விளக்கத்தை எவரும் கைபேசியில் அனுப்புவதில்லை. அதில் கதை இல்லை. ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் இதே நிலைதான். அது உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு உறவுடையது என்பது மெய். ரோமப் போர்வீரர்கள் உப்பையே கூலியாகப் பெற்றனர் என்பதற்குப் பழைய நூல்களில் ஆதாரம் இல்லை. கேட்க இனிதாக இருப்பதால் மட்டும் ஒரு சொற்கதை உண்மையாகிவிடாது. கோயில் தலவரலாறுகளையும் இவ்வாறே தம் விருப்பம்போல் நீட்டி முழக்கி அனுப்புவோர் இந்நாளில் பெருகிவிட்டனர். நச்சினார்க்கினியர் நாலு வரியில் நிறுத்திக்கொண்டதை அவர்கள் அறிய வேண்டும்.

ஒரே பொருளுக்கு இரண்டு கதைகள் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்கவும் கூடும். வானூர் வட்டத்தில் வராக நதி எனப்படும் சங்கராபரணியின் கரையில் உள்ளது திருவக்கரை. மூன்று முகங்கள் கொண்ட இலிங்கத் திருமேனியராகச் சந்திரமௌலீசுவரர் எழுந்தருளியிருக்கும் அத்தலத்துக்குப் பௌர்ணமிதோறும் வக்கிரகாளியைத் தரிசிக்கக் கூட்டம் அலைமோதும். வக்கிரம் என்றால் கோணல், வளைவு. கோபுரம், கொடிமரம், நந்தி, கருவறை ஆகியவை அங்கே ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் சற்று விலகியே இருப்பதை அடியார்கள் இச்சொல்லோடு பொருத்திக் காட்டுவர். வக்கிரன் என்ற அசுரனைத் திருமாலும், அவன் தங்கை துன்முகியைக் காளியும் வதைத்தனர் என்பது தலவரலாறு. ஊருக்கு அருகே மண்ணிலிருந்து புடைத்து நிற்கும் பெரிய பெரிய உருளைக் கற்களை அந்த அசுரனின் எலும்புகள் என்று முன்னோர் சுட்டிக் காட்டினர்.

அக்கற்கள் மரங்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை. மரத்தின் நார் ஒவ்வொன்றின் இடத்திலும் நீரில் கரைந்து வந்த மணிமணலின் சத்து நிரம்ப, வளையங்கள் வரை அச்சாகக் கல்லாகிவிட்டன. பிரெஞ்சு இயற்கையியலர் சோனரா 1781-இல் இவற்றைப் பற்றி முதன்முதலில் குறித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940-இல் அவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. 'கல்மரம்' என்ற சொல்லே ஒரு முரண். கல்லா, மரமா என்று கேட்டால் இரண்டும் என்பதே விடை. ஒருகாலத்தில் உயிரோடிருந்த ஏதோ ஒன்றின் எச்சமே இக்கல் என்பதை, நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே அவ்வூர் மக்கள் கண்டு சொல்லிவிட்டனர். எலும்பு என்றார்கள், தவறியது அந்த ஒரு சொல்தான்.

அகராதியில் இல்லாத சொற்கள் எங்கே இருக்கின்றன என்பதற்கு மரக்காணத்து உப்பளங்களே விடை கூறும். தை பிறந்து மழைநீர் வடிந்ததும் பாத்திகளைச் சீர்செய்யும் வேலை தொடங்குகிறது. வரப்பு கட்டி, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குகின்றனர்; நீர் கீழே இறங்காதபடி தரை இறுகும் வரை மிதி ஓய்வதில்லை. பிறகு உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காய்ச்ச வேண்டும். உவர்ப்பின் கனத்தைக் கருவியால் அளந்து 'டிகிரி' என்பர். கடல்நீர் 3 டிகிரிக்குச் சற்று மேல். 25 டிகிரியைத் தொட்டதும் உப்பு மணி கட்டத் தொடங்கும். 30-ஐ நெருங்க விட்டால் கசப்புச் சத்தும் சேர்ந்து படியுமாதலால் அதற்குள் நீரை வடித்துவிட வேண்டும். பல்லாண்டு பழகியவர்கள் கருவியைத் தொடாமலே நீரின் நிறம் பார்த்து இதைச் சொல்லிவிடுவர். அந்த நிறங்களுக்கும், நீர்மேல் முதலில் மிதக்கும் மெல்லிய உப்பாடைக்கும், காலில் ஏறும் வெடிப்புகளுக்கும் அவர்கள் வாயில் பெயர்கள் உண்டு. உப்பு வாரும் தொழிலாளரில் பெண்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவது எல்லா வகையிலும் விரும்பத்தக்கதே. போகும்போது அப்பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டு போகலாம். பேரகராதியைத் தொகுத்தவர்களுக்கு நூல்கள் கிடைத்தன. அளத்து வரப்பில் நின்று பேசியதை எழுதிக்கொள்ள அன்று எவரும் வந்ததாகத் தெரியவில்லை.

வானூரின் பெயரில் வான் இருக்கிறது. பழந்தமிழில் வான் என்பது மழையையும் குறிக்கும்; திருக்குறளின் இரண்டாம் அதிகாரம் வான்சிறப்பு. நெல்லும் மணிலாவும் விளையும் அவ்வட்டாரத்தில் ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்ப்போர் மழை வேண்டியே வார்க்கின்றனர். ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்பால், மரக்காணத்தில், அதே ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பவர் இன்னும் சில வாரம் வெயில் நீடிக்க வேண்டும் என்று வேண்டுவார். எதிர்பாராத ஒரு மழை பெய்தால் பாத்தியில் கட்டி நிற்கும் உப்பு முழுவதும் ஓர் இரவில் கரைந்துவிடும். இரு வேண்டுதல்களும் ஒரே தாயின் திருச்செவிக்குத்தான் போகின்றன.

இரண்டுக்கும் நடுவே கழுவெளி ஏரி கிடக்கிறது. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து, ஒருமுனையில் ஏரிகளின் நன்னீரையும் மறுமுனையில் கழிவழி ஏறிவரும் கடல்நீரையும் ஏற்கும் சதுப்பு அது. அதன் பெயரில் கழி என்ற சொல்லே மறைந்திருப்பதாகக் கருத இடமுண்டு. 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மழையில் நிறையவும் வெயிலில் வற்றவும் அதற்குத் தெரியும்.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அளத்தில் வேலை நின்றுவிடுகிறது. குவித்த உப்பு அம்பாரங்களைப் பனையோலை வேய்ந்தும் தார்ப்பாய் போர்த்தியும் மூடிவிட்டு, மண்வெட்டியையும் உப்பு வாரும் பலகையையும் வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். அடுத்த தைவரை வேறு கூலி தேட வேண்டும். வானூர்ப் பக்கத்து வயல்களில் அப்போது நடவு. பூநாரைகள் கழுவெளியில் வந்து இறங்குகின்றன. வரப்புகள் மூழ்கி, கழி பெருகி, பாத்தி எது, சேறு எது, கடல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காண முடியாதபடி ஒரே நீர்ப்பரப்பாகக் கிடக்கிறது அளக்கர்.